மோட்டார் வண்டியின் குளிர்சாதனமும் வீட்டில் வாயு நிரப்பலும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவை அடுத்துக் கிடக்கும் ஊர்களுள் சம்பூரும் ஒன்றாகும். வைகாசி தொடங்கி ஆவணி ஈறாகத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, மலைநாட்டில் தன் ஈரத்தை உதிர்த்துவிட்டு, வறண்டும் வெம்மையுற்றும் இக்கரையை வந்தடைகின்றது. அக்காலத்து நண்பகலில், வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டியின் கதவைத் திறப்போர் அடுப்பங்கரையின் முன் நிற்பது போன்ற வெக்கையை உணர்வர். நோயாளியையோ கைக்குழந்தையையோ மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியில் குளிர்சாதனம் இயங்குதல் வெறும் ஆடம்பரமன்று, தேவையே ஆகும். 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இத்தரைவழிப் பயணம் பெருகியிருத்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, இலங்கையில் 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட மோட்டார் வண்டி இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்த வண்டிகளையே பேணிக் காக்கவேண்டிய நிலை மக்களுக்கு உண்டாயிற்று. வண்டி முதுமையடைய அதன் குளிர்சாதனமும் தளர்வது இயல்பு. அவ்வாறு தளர்ந்தவிடத்து, "காஸ் குறைந்துவிட்டது, அடித்தால் சரியாகிவிடும்" என்னும் முடிவு எளிதில் எடுக்கப்படுகின்றது. சிறு தகரக் குடுவைகளில் அடைத்து விற்கப்படும் வாயுவையும் ஒரு குழாயையும் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே அதனை நிரப்ப முயல்வோரும் உளர். அம்முயற்சி எத்துணை பொருத்தமுடையது, எவ்வளவு தூரம் செல்லலாம், எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பவற்றைப் பௌதிகவியலின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர் என்பது ஒரு பொருளன்று. வெப்பம் நீங்கிய நிலையே குளிர் எனப்படும். ஆதலின், குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அதன் தொழில். மண்பானையில் ஊற்றிவைத்த நீர் தண்ணென்று இருப்பதன் காரணத்தை அறிந்தவர்க்கு இது விளங்குதல் எளிது. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய மறைவெப்பத்தைப் பானையிலும் உள்ளிருக்கும் நீரிலும் இருந்தே எடுத்துக்கொள்கின்றது. குளிர்சாதனத்தின் அடிப்படையும் இதுவே. ஆயின், பானையிலிருந்து போன ஆவி மீள்வதில்லை. குளிர்சாதனத்திலோ ஆவியான பொருள் மீண்டும் திரவமாக்கப்பட்டு ஓயாது சுழன்று வருகின்றது.

இவ்வாறு சுழலும் பொருளாக நீரைக் கொள்ளுதல் எளிதன்று. சாதாரண வளியமுக்கத்தில் நீர் 100 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். குளிர்சாதனத்துக்கு வேண்டிய பொருளோ மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிப்பதாய் இருத்தல் வேண்டும். இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் குளிரூட்டுபொருள், சாதாரண வளியமுக்கத்தில் சைபருக்குக் கீழ் 26 பாகையிற் கொதிக்கின்றது. சைபர்ப் பாகையளவில் அதன் ஒரு கிராம் ஆவியாகும்பொழுது ஏறத்தாழ 200 யூல் வெப்பத்தை உட்கொள்கின்றது.

இச்சாதனத்தின் முதன்மையான உறுப்புக்கள் நான்கு: அமுக்கி, ஒடுக்கி, விரிவு வாயில், ஆவியாக்கி என்பன. எஞ்சினால் இயக்கப்படும் அமுக்கி, ஆவியை நெருக்கி அமுக்கத்தையும் வெப்பநிலையையும் உயர்த்துகின்றது. வண்டியின் முகப்பிலுள்ள ஒடுக்கியில் அந்தச் சூடான ஆவி வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. அத்திரவம் விரிவு வாயிலின் சிறு துவாரத்தினூடாகப் புகுந்து அமுக்கம் குன்ற, உடனே குளிர்கின்றது. பின்னர் ஆவியாக்கியினுட் கொதித்து, வண்டியின் உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்கின்றது. உள்ளே ஏறத்தாழ சைபர்ப் பாகையிற் கொதிக்கும் பொருளே ஒடுக்கியில் 60 பாகையளவில் ஒடுங்குகின்றது. வெளிக்காற்று 34 பாகையாய் இருப்பினும், அதனினும் சூடான ஒடுக்கியிலிருந்து வெப்பம் அக்காற்றுக்குப் பாய்வது இதனாலேயே இயல்வதாகின்றது.

இவ்விளக்கத்திலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு; இப்பொருளில் மனங்கொள்ள வேண்டியவற்றுள் அதுவே தலையாயது. பெற்றோல் எரிந்து தீர்வது போலக் குளிரூட்டுபொருள் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய வட்டத்திற் சுற்றிவரும் பொருள். எனவே, அது குறைந்துவிட்டதெனின், எங்கோ ஒரு வழியால் வெளியேறியிருத்தல் வேண்டும். இறப்பர்க் குழாய்களினூடாகவும் இணைப்புக்களினூடாகவும் ஆண்டுதோறும் சில கிராம் கசிதல் தவிர்க்க இயலாதது. ஓர் ஆவியாக்கியை உடைய வண்டியில் இக்கசிவு ஆண்டொன்றுக்கு 40 கிராமுக்கு மேற்படலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் நெறிமுறையில் வரையறுத்தது. அவ்வளவுக்குட்பட்ட கசிவினால் ஒரு வண்டியின் குளிர்ச்சி குன்றுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே, சென்ற ஆண்டு நிரப்பிய வண்டி இவ்வாண்டும் குளிராதாயின், அதற்கு வேண்டியது வாயுவன்று. கசிவை அடைத்தலே ஆகும். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவன் குடத்தை நிரப்புவதில்லை, நிலத்தையே நனைக்கின்றான் என்பது இவ்விடத்துக்கு முற்றும் பொருந்தும்.

குளிர்ச்சி குறைந்ததற்கு வாயுக் குறைவொன்றே காரணமென்று கொள்ளுதலும் தவறு. வீட்டிலேயே, கருவி எதுவுமின்றி, எவ்வித ஆபத்துமின்றிச் செய்யத்தக்க சோதனைகள் பல உள. அவற்றைச் செய்து முடித்த பின்னரே வாயுவைப்பற்றி எண்ணுதல் முறையாகும்.

முதலாவது, உள்ளே காற்று போதிய விசையோடு வருகின்றதா என நோக்குதல் வேண்டும். காற்றுக் குறைந்திருப்பின், பல வண்டிகளில் முன்னிருக்கைப் பெட்டிக்குப் பின்னால் அமைந்துள்ள காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். அதனை மாற்றிய அளவிலேயே குளிர்ச்சி மீண்ட வண்டிகள் பல. இரண்டாவது, ஒடுக்கியைப் பார்த்தல் வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் மணலும் செம்மண் தூசியும் அதன் மெல்லிய தகடுகளிடையே படிந்து, வெளிக்காற்று ஊடுருவுவதைத் தடுக்கின்றன. எஞ்சின் ஆறியபின், நன்னீரை மெல்லிய விசையோடு செலுத்தி அதனைக் கழுவலாம். மிகுந்த விசையுடன் நீரைப் பாய்ச்சினால் தகடுகள் மடிந்துவிடும். மூன்றாவது, குளிர்சாதனத்தை இயக்கியவுடன் ஒடுக்கியின் விசிறி சுழல்கின்றதா எனக் காணல் வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராத வண்டியில் பிழை பெரும்பாலும் இவ்விசிறியிலேயே இருக்கும். நான்காவது, அமுக்கியின் பட்டி தளர்ந்துள்ளதா, மின்னுருகி அறுந்துள்ளதா, அமுக்கியின் பிடி 'டக்' என்னும் ஒலியோடு பற்றுகின்றதா என்பவற்றை ஆராய்தல் வேண்டும்.

ஐந்தாவதாகக் கசிவைத் தேடுதல். குளிரூட்டுபொருளோடு உராய்வுநீக்கி எண்ணெயும் கலந்து சுழல்வதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பசை தோன்றி அதன்மேல் தூசி ஒட்டிக்கொள்ளும். இணைப்புக்களிற் கறுத்து ஈரமாய்த் தோன்றும் இடங்களில் சவர்க்கார நீரைத் தடவினால், கசிவு இருப்பின் குமிழிகள் எழும். நிரப்பு வாயில்களின் மூடிகள் காணாமற் போயிருத்தலும் கசிவுக்கு ஒரு காரணமாகும். வண்டியைப் பலநாள் நிறுத்திவைப்போர், வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமேனும் குளிர்சாதனத்தை இயக்குதல் நன்று. அமுக்கியின் அச்சுத் தடுப்பு எண்ணெயால் நனைந்து உலராதிருக்க அது துணைசெய்யும்.

இனி, நிரப்பும் செயலை நோக்குவோர்க்கு முதலில் எழும் வினா, எவ்வளவு நிரப்புவது என்பதாகும். எஞ்சின் அறையின் மூடியிலோ அதன் அண்மையிலோ ஒட்டப்பட்டிருக்கும் சிட்டையில், பொருளின் பெயரும் அதன் நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். சிறு கார்களில் அது பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் வரை இருக்கும். முன்னும் பின்னுமாக இரு ஆவியாக்கிகளைக் கொண்ட வான்களில் அதனினும் மிகும். இவ்வளவு, நிறையாகக் கூறப்பட்டிருத்தல் கூர்ந்து நோக்கத்தக்கது. வீட்டில் நிரப்ப முயல்வோர் கையாளும் குழாயில் அமைந்த மானியோ அமுக்கத்தையே காட்டுகின்றது. நிறையும் அமுக்கமும் ஒன்றல்ல.

சமையலறையிலுள்ள வாயு உருளை இதனை நன்கு விளக்கும். உருளை நிறைந்திருக்கும்போதும், கால்பங்கே எஞ்சியிருக்கும்போதும், உள்ளே திரவம் உள்ளவரை அதன் அமுக்கம் பெரும்பாலும் மாறுவதில்லை. வெப்பநிலையைப் பொறுத்தே அது ஏறி இறங்கும். அதனாலன்றோ இல்லத்தரசியர் உருளையைத் தூக்கிப் பார்த்து நிறையால் மதிக்கின்றனர். அவ்வாறே 30 பாகை வெப்பநிலையில், இயங்காது நிற்கும் வண்டியின் ஆர்-134ஏ, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல் அமுக்கத்தைக் காட்டும். உள்ளே 200 கிராம் இருப்பினும் 500 கிராம் இருப்பினும் மானியின் முள் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிற்கும். எஞ்சின் இயங்கும்போது தாழமுக்கப் பக்கத்தில் 30 முதல் 40 இறாத்தலும், உயரமுக்கப் பக்கத்தில் வெப்பநாட்டுப் பகலில் 200 முதல் 250 இறாத்தலும் காணப்படுதல் பொதுவான நிலை. ஆயினும் அவ்வெண்களும் வெளிவெப்பம், ஈரப்பதன், விசிறியின் வேகம் ஆகியவற்றுக்கேற்ப மாறுவன. தாழமுக்கப் பக்கத்து மானி ஒன்றை மட்டும் நம்பி நிரப்புவோர் அளவை ஊகிக்கின்றனரேயன்றி அறிகின்றாரல்லர். அளவு மிகுந்தால் ஒடுக்கியில் திரவம் தேங்கி, அமுக்கம் எல்லை கடந்து உயர்ந்து, குளிர்ச்சி கூடுவதற்குப் பதிலாகக் குறையும், அமுக்கியும் கேடுறும்.

முறையான நிரப்பல் எவ்வாறு நிகழ்வது என்பதை அறிந்துகொண்டால், வீட்டில் அதனைச் செய்வதன் எல்லையும் புலப்படும். தேர்ந்த தொழிலாளர், முதலில் எஞ்சிய பொருளை வெளியே விடாது பொறியொன்றினால் மீட்டெடுப்பர். பின்னர் ஈரமற்ற நைதரசனை அமுக்கத்தோடு செலுத்திக் கசிவைக் கண்டு, பழுதான உறுப்பை மாற்றுவர். அதன்பின் வெற்றிடப் பம்பியைப் பூட்டி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவர். காற்றோடு ஈரத்தையும் அகற்றுவதே இவ்வெற்றிடத்தின் பயனாகும். அமுக்கம் மிகக் குன்றியவிடத்து நீர் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாய் வெளியேறும். ஈரம் உள்ளே தங்கினால், விரிவு வாயிலில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடும் வாயுவோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வெற்றிடம் குலையாது நிற்பதைக் கண்ட பின்னரே, தராசில் வைத்த உருளையிலிருந்து சிட்டையிற் குறித்த நிறையை அளந்து செலுத்துவர்.

ஆகவே, முற்றும் வெறுமையான சாதனத்தில் சிறு குடுவையைப் பூட்டி நிரப்புதல் பயனற்றது. காற்றும் ஈரமும் உள்ளே இருக்க, அவற்றின்மேல் வாயுவைச் செலுத்துவதே அங்கு நிகழ்கின்றது. பல ஆண்டுகளுக்குப்பின் சிறிதளவே குளிர்ச்சி குன்றி, அமுக்கி இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு மட்டுமே வீட்டுநிரப்பல் ஓரளவு பொருந்தும். அங்கும் சில விதிகளை மீறலாகாது. திறந்த வெளியிலேயே அதனைச் செய்தல் வேண்டும். இவ்வாவி காற்றினும் மூன்றரை மடங்கு பாரமுடையதாதலின், மூடிய கொட்டகையில் நிலமட்டத்தில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணிதல் வேண்டும். தெறிக்கும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும். அருகில் தீயும் புகைத்தலும் ஆகா; மிகுந்த வெப்பத்தில் இப்பொருள் சிதைந்து நச்சு வாயுக்களைத் தரும். பருத்த குழாயில் அமைந்த, 'எல்' என்னும் ஆங்கில எழுத்துக் குறித்த தாழமுக்க வாயிலிலேயே குழாயைப் பூட்டுதல் வேண்டும். உயரமுக்கப் பக்கத்தோடு எவ்வகையாலேனும் குடுவையை இணைத்தால், அமுக்கம் எதிர்த்துப் பாய்ந்து குடுவை கையிலேயே வெடிக்கக்கூடும். குடுவையை நிமிர்த்தியே பிடித்தல் வேண்டும். கவிழ்த்தால் திரவம் அமுக்கியிற் புகுந்து அதனை உடைக்கும். குழாயிலுள்ள காற்றை முதலில் நீக்குதலும், நிரப்புமுன்னும் பின்னும் குடுவையை நிறுத்துப் பார்த்தலும் மறக்கலாகாதவை. கசிவை அடைக்கும் பசை கலந்ததெனக் கூறி விற்கப்படும் குடுவைகளைத் தவிர்த்தல் நன்று. அப்பசை வாயில்களையும், பின்னர் பூட்டப்படும் மீட்புப் பொறியையும் அடைத்துவிடும்.

எரிவாயுவால் இயங்கும் அடுப்புக்குரிய வாயுவை மலிவு கருதி வண்டிக்குள் நிரப்புதல் பேராபத்தானது. அது குளிர்விக்கும் என்பது உண்மையே. ஆயின், ஆவியாக்கியிற் கசிவு உண்டானால் மக்கள் அமர்ந்திருக்கும் அறையே வெடிகலமாகிவிடும். போலிப் பொருளின் கேட்டுக்கும் சான்று உண்டு. 2011ஆம் ஆண்டில், குளிரூட்டிய கப்பற் கொள்கலன்கள் சிலவற்றில் ஆர்-134ஏ என்னும் பெயரில் மெதயில் குளோரைட்டுக் கலந்த வாயு நிரப்பப்பட்டிருந்தது. அது அமுக்கியின் அலுமினியத்தோடு தாக்கமுற்று வெடித்தமையால் தொழிலாளர் உயிரிழந்தனர். துறைமுக மாவட்டத்தார்க்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று.

கலப்பின வண்டிகளையும் மின்வண்டிகளையும் பொறுத்தவரை விதி இன்னும் கண்டிப்பானது. அவற்றுள் பலவற்றில் அமுக்கியை உயர் மின்னழுத்த மோட்டாரே இயக்குகின்றது. எண்ணெயும் மின்கடத்தாத தனிவகையைச் சேர்ந்தது. சாதாரண எண்ணெய் கலந்த குடுவையை அதில் நிரப்பினால் மின்காப்புக் கெட்டு, உயிருக்கும் வண்டிக்கும் தீங்கு நேரலாம். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் செல்லும் வண்டியில் வீட்டார் கைவையாதிருத்தலே அறிவுடைமை.

இதுகாறும் கூறியவை வண்டிக்கும் அதனை உடையவர்க்கும் உரியவை. ஊர்க்கும் உலகுக்கும் உரியது ஒன்றும் உளது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோமஸ் மிட்ச்லியும் அவர்தம் குழுவினரும் ஆர்-12 என்னும் குளோரோபுளோரோகாபனைக் குளிரூட்டலுக்கு உகந்ததெனக் கண்டனர். அது எரியாதது, நச்சற்றது எனப் போற்றப்பட்டது. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர், அப்பொருள் வானில் உயர்ந்து ஓசோன் படையைச் சிதைக்கும் என எடுத்துக்காட்டினர். 1985இல் அந்தாட்டிக்காவின்மேல் அப்படை மெலிந்திருத்தல் வெளியிடப்பட்டது. 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கை 1989 திசெம்பரில் அதில் இணைந்தது. வளர்முக நாடுகளும் 2010ஆம் ஆண்டோடு குளோரோபுளோரோகாபன்களைக் கைவிட்டன.

அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றதாயினும் புவியைச் சூடாக்கும் வலிமையுடையது. நூறாண்டுக் கணக்கில், அதன் ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 1,430 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பாகும். எனவே, 500 கிராம் நிரப்பிய ஒரு காரின் வாயு முழுவதும் கசிந்தால், அஃது ஏறக்குறைய 715 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளியிட்டதற்குச் சமம். சற்றொப்ப 310 லீற்றர் பெற்றோலை எரித்ததற்கு ஈடாகும். இத்தகைய பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பாடு காணப்பட்டது. இலங்கை 2018இல் அதனை ஏற்றது. புதிய வண்டிகள் பலவற்றில் நிரப்பப்படும் ஆர்-1234ஒய்எஃப் புவியைச் சூடாக்குவது மிகச் சிறிதே. ஆயின் ஓரளவு எரியக்கூடியதாதலின் அதற்கெனக் கருவியும் பயிற்சியும் வேண்டப்படுகின்றன. அமெரிக்க நாட்டிற் சிறு குடுவைகளைப் பொதுமக்கள் வாங்க இடமுண்டு. எனினும் 2018 தொடக்கம் செய்யப்படும் குடுவைகள், எஞ்சிய வாயு வெளியேறாதபடி தாமாக மூடிக்கொள்ளும் வாயிலை உடையனவாய் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது.

சம்பூர் மக்கள் தம் மண்ணின் அருமையையும் அதன்மேல் வீசும் காற்றின் அருமையையும் இழந்தறிந்தவர்கள். 2006ஆம் ஆண்டுப் போரில் ஊரைவிட்டு அகன்ற அவர்கள், 2015 தொடக்கமே படிப்படியாகத் தம் காணிகளுக்கு மீண்டனர். அவ்வூரில் நிறுவக் கருதியிருந்த நிலக்கரி மின்னிலையம், கடலும் நிலமும் காற்றும் மாசுறும் என்னும் எதிர்ப்புக்கிடையே, 2016இற் கைவிடப்பட்டது. அதற்கு மாறாக 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்கான பணி 2025 ஏப்ரிலில் தொடக்கிவைக்கப்பட்டது. மின்னிலையத்தின் புகைபோக்கியும் ஒரு தகரக் குடுவையும் அளவினால் ஒப்பாகமாட்டா. ஆயினும் புகைபோக்கியின் புகை கண்ணுக்குத் தெரியும். குடுவையின் வாயுவோ கண்ணுக்கும் மூக்கிற்கும் புலனாகாது செல்லும். புலனாகாத கேட்டை அறிவினாலேயே காணல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, குளிராத வண்டியின் முன் நிற்கும் ஒருவர்க்கு வீட்டிலே செய்யத்தக்க பணி மிகுதியாக உண்டு. வடிகட்டியை மாற்றலாம், ஒடுக்கியைக் கழுவலாம், விசிறியையும் பட்டியையும் ஆராயலாம், சவர்க்கார நீரால் கசிவைத் தேடலாம், சிட்டையைப் படித்து, அதிற் குறித்த பொருளையும் நிறையையும் எழுதிக்கொண்டு கராச்சுக்குச் செல்லலாம். அங்கே, "காஸ் அடித்துத் தாருங்கள்" என்று கேளாது, "கசிவு எங்கே? வெற்றிடம் பிடிப்பீர்களா? நிறுத்து நிரப்புவீர்களா?" என்று வினவலாம். இம்மூன்று வினாக்களையும் அறிந்து கேட்பவரின் பணமும் வண்டியும் காக்கப்படுவதோடு, கச்சான் வீசும் அவ்வானமும் ஓரளவு காக்கப்படும்.